ஏட்டளவில் நிற்கும் ஜீவனாம்சம்

கணவனும் மனைவியும் ஒத்து வாழ இயலாமற்போகும் குடும்பங்கள் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கின்றன. அவர்கள் பிரிந்து வாழ்வது சரியா, தவறா என்ற தர்க்கத்தில் நாம் இன்று புகப் போவதில்லை. பிரிவு என்று ஒன்று ஏற்பட்டுவிட்ட பிறகு, அவர்கள் பெற்ற குழந்தை எதை உண்டு, எதை உடுத்து, எந்தப் பள்ளியில் படிப்பது என்ற கேள்வியே நம் முன் நிற்கிறது. பெற்றோர் ஒருவரையொருவர் விட்டு விலகலாம். குழந்தையை விட்டு விலக அவர்களுக்கு எந்தத் தர்மமும் எந்தச் சட்டமும் அனுமதி அளிக்கவில்லை.

இக்கேள்விக்கு விடையாகத்தான் பிரிவு ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. ஊர்ப் பெரியோர் நடுவிலிருந்து எழுதும் பத்திரங்கள் உண்டு. வக்கீல்கள் வகுத்துக் கொடுக்கும் பத்திரங்கள் உண்டு. குடும்பக் கோர்ட்டில் சமரசம் பேசி முடிவு செய்பவையும் உண்டு. குழந்தையின் பராமரிப்புக்காகத் தகப்பன் மாதந்தோறும் இன்ன தேதிக்குள் இவ்வளவு ரூபாய் கொடுத்து வரவேண்டியது என்ற ஷரத்து பெரும்பாலும் இவை யாவற்றிலும் காணப்படும். கையொப்பமிடும் நாளில் இரு கக்ஷியாருக்கும் மனநிம்மதி உண்டாகிறது. சில மாதம் பணம் ஒழுங்காக வருகிறது. பிறகு பாதி வருகிறது. பிறகு தவணை சொல்லி அனுப்பப்படுகிறது. கடைசியில் ஒன்றுமே வருவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியின் பொருளை அந்தத் தாயைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இரார்.

மற்றக் கடன்களுக்கும் இந்தக் கடனுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நிலம் விற்ற பாக்கியை மூன்று ஆண்டு கழித்து வசூலித்தாலும் அது பணமாகவே பயன்படும். மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டிய பாலை ஆறு வயதில் கொடுத்து ஈடு செய்ய முடியுமா? பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கட்டவேண்டிய சம்பளத்தை, குழந்தை படிப்பை நிறுத்திய பிறகு கொடுத்து யாது பயன்? குழந்தையின் ஜீவனாம்சத்தில் காலதாமதம் என்பது மறுப்புக்குச் சமானம். ஆகையால், சட்டத்தில் உரிமை இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நாம் திருப்தியடைந்துவிட முடியாது. அந்த உரிமை உரிய தேதியில் கைக்குப் பணமாக வந்து சேருகிறதா என்று கேட்பதே முறையாகும்.

ஒப்பந்தம் வேறு, உத்தரவு வேறு

இவ்விஷயத்தில் பொதுஜனங்களிடையே நிலவும் முதல் தவறான எண்ணத்தை நீக்க வேண்டியது அவசியம். முத்திரைக் காகிதத்தில் எழுதிச் சாட்சிகள் கையொப்பமிட்டுவிட்டால், அதைக் காட்டியவுடனே போலீசாரோ மாஜிஸ்ட்ரேட்டோ பணத்தை வசூலித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. கோர்ட்டின் முத்திரை பெறாத பத்திரம் வெறும் ஒப்பந்தமே. அதன்படி பணம் வராவிட்டால், அதை ஆதாரமாகக் கொண்டு வழக்குத் தொடுத்து, டிக்ரி பெற்று, அதன் பிறகே நிறைவேற்றும் நடவடிக்கைக்குப் போகவேண்டும். கோர்ட்டு ஏற்றுப் பதிவு செய்த சமரசமோ டிக்ரியின் அந்தஸ்து உடையது. பணம் தவறிய மறு மாதமே அதை நிறைவேற்றும்படி மனுச் செய்யலாம்.

கோர்ட்டு வாசலை மிதிக்க அஞ்சுகிறவர்களுக்கும் வழியில்லாமற் போகவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புச் சட்டப்படி நடைபெறும் லோக் அதாலத்தில், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே சமரசம் செய்துகொள்ளலாம். அங்கே பிறக்கும் தீர்ப்பு சிவில் கோர்ட்டு டிக்ரியாகவே கருதப்படும். அதே சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. வீட்டுத் திண்ணையில் எழுதிய பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வதைவிட, அதை இவ்விதம் டிக்ரியாக மாற்றிக் கொள்வது எத்தனையோ மடங்கு பத்திரமானது.

மற்றோர் எண்ணமும் உண்டு. பெருந்தொகை ஒன்றை ஒரே தடவையில் பெற்றுக்கொண்டு, இனிக் குழந்தைக்காகவும் எதுவும் கேட்பதில்லை என்று தாய் எழுதிக் கொடுத்துவிட்டால் தகப்பனின் பொறுப்புத் தீர்ந்துவிட்டது என்று சிலர் கருதுகின்றனர். குழந்தையின் உரிமை குழந்தைக்கே சொந்தம். அதை விட்டுக் கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை என்று நமது கோர்ட்டுகள் பன்முறை கூறியிருக்கின்றன. பரஸ்பர சம்மதத்தின்பேரில் தனித்து வாழும் மனைவி மாஜிஸ்ட்ரேட்டிடம் ஜீவனாம்சம் கோர முடியாது என்று சட்டத்தில் ஒரு தடை இருப்பது உண்மையே. அத்தடை மனைவியைப் பற்றியது. குழந்தையை அது தீண்டுவதில்லை.

ஒப்பந்தத்தில் குறித்த தொகை என்றென்றைக்கும் மாறாதது என்று எண்ணுவதும் சரியன்று. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டின் தத்து, ஜீவனாம்சச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, கோர்ட்டு டிக்ரியினால் நிர்ணயித்த தொகையாயினும் ஒப்பந்தத்தினால் நிர்ணயித்த தொகையாயினும், நிலைமை கணிசமாக மாறியிருந்தால் அதைக் கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கிறது. பால் குடிக்கும் குழந்தைக்காக நிர்ணயித்த தொகை, பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் வரலாறு

ஜீவனாம்சத்தைச் சுருக்கமான முறையில் மாஜிஸ்ட்ரேட் மூலம் பெறும் வழி நமக்குப் புதிதன்று. 1898ஆம் ஆண்டுக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆவது பிரிவு அதற்கு இடமளித்தது. அன்று உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923இல் அது 100 ரூபாயாயிற்று. 1955இல் 500 ரூபாயாயிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125ஆவது பிரிவாக இது மறுபிறவி எடுத்தபோதும் அந்த 500 ரூபாய் மாறவில்லை. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறிய பின்னரும், 46 ஆண்டுகள் கழித்து 2001இல்தான் பார்லிமெண்டு அந்த வரம்பை நீக்கியது. இடைக்கால ஜீவனாம்ச மனுக்களைக் கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா ஸம்ஹிதையில் இது 144ஆவது பிரிவாக இடம் பெற்றிருக்கிறது.

இப்பிரிவின் பெருமை, அது மதபேதம் பாராதது. முறைப்படி பிறந்த குழந்தை, அவ்வாறல்லாத குழந்தை என்ற பேதமும் அதில் இல்லை. முஸ்லிம் தம்பதிகள் விவாகரத்துச் செய்துகொண்டாலும், குழந்தைகள் மேஜராகும் வரை இப்பிரிவின்படி தகப்பனிடம் ஜீவனாம்சம் பெறலாம் என்று 1997இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பளித்தது. உரிமையைப் பொறுத்தவரையில் நமது சட்டம் குறை சொல்லத்தக்கதன்று. வசூலிக்கும் இடத்தில்தான் அது இடறுகிறது.

இடறும் இடம்

உத்தரவை மீறிப் பணம் கட்டாதவன்மீது மாஜிஸ்ட்ரேட் வாரண்டு பிறப்பித்து, அபராதத்தை வசூலிப்பது போல் அத்தொகையை வசூலிக்கலாம். அப்படியும் வசூலாகாவிட்டால் ஒரு மாதம் வரையில், அல்லது அதற்கு முன் பணம் கட்டும் வரையில், சிறையில் வைக்கலாம். இது சட்டம். ஆனால் பணம் பாக்கியான தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால் இவ்வழி அடைபட்டுவிடும். பழைய 488ஆவது பிரிவிலிருந்தே தொடர்ந்து வரும் தடை இது.

இத்தடை எவரைப் பாதிக்கிறது? ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்ற சொல்லை நம்பிப் பொறுத்திருந்த தாயைத்தான். சண்டைக்குப் போகாமல் இருந்தவளுக்குப் பாக்கி தண்டனையாக விதிக்கப்படுகிறது. தவணை சொல்லிக் காலம் கடத்தியவனுக்கு அது பரிசாகக் கிடைக்கிறது. இந்நிலை நியாயத்துக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு வரை சென்ற ஒரு வழக்கை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாகும். ஒரு தாயும் குழந்தையும் 1993இல் ஜீவனாம்சம் கோரி மனுச் செய்தனர். 2000ஆம் ஆண்டில் ஆளுக்கு மாதம் 300 ரூபாய் வீதம், மனுத் தேதியிலிருந்தே கொடுக்கும்படி உத்தரவாயிற்று. இருவருக்குமாக ஆண்டொன்றுக்கு 7,200 ரூபாய். பாக்கியை வசூலிக்க மேலும் மனுக்கள் போடவேண்டியதாயிற்று. ஓராண்டுத் தடையைக் காட்டி, ஓராண்டுப் பாக்கிக்கு மேல் கிடைக்காது என்று சொல்லப்பட்டது. 2013இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வியாக்கியானத்தை ஏற்கவில்லை. முதலில் செய்த மனு உயிரோடிருக்கும் வரை பாக்கியும் உயிரோடிருக்கும் என்றும், அந்தத் தடை வாரண்டு முறையை மட்டுமே கட்டுப்படுத்துமேயன்றிப் பணத்தின்மீதுள்ள உரிமையை அழிக்காது என்றும், சிவில் முறையில் அதை வசூலிக்கலாம் என்றும் கோர்ட்டு கூறியது. நியாயம் வென்றது குறித்து மகிழ்ச்சியே. ஆனால் 1993க்கும் 2013க்கும் இடையே 20 ஆண்டுகள் சென்றுவிட்டன. அக்காலத்தில் ஒரு குழந்தைப் பருவமே கழிந்துவிட்டது.

சிறைவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மாதம் சிறையிலிருந்துவிட்டால் பாக்கி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சிறை என்பது பணத்தை வரவழைக்கும் கருவியே. அது பணத்துக்கு ஈடாகாது என்று 1989இலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. ஆயினும், ஒரு தவறுதலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரமில்லை என்றும், அதன் பிறகும் கட்டாவிட்டால் புதிதாக மனுச் செய்யவேண்டும் என்றும் 1999இல் அதே கோர்ட்டு கூறியது. பிடிவாதக்காரன் ஒரு மாதம் சிறை சென்று திரும்புகிறான். சிறையிலிருந்த மாதத்துக்கு அவனுக்குச் சம்பளமுமில்லை; குழந்தைக்குப் பணமுமில்லை. தாயோ மறுபடியும் மனு எழுதக் கோர்ட்டு வாசலில் நிற்கிறாள்.

கைக்கு எட்டும் வழிகள்

சட்டத்தில் இதைவிடப் பயனுள்ள கருவிகள் இல்லாமலில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைப் பாருங்கள். சாதாரணக் கடனுக்கான டிக்ரியில், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்தி செய்ய முடியாது. ஜீவனாம்ச டிக்ரியிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. மாதம் 31,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டால், வட்டிக்கடைக்காரரின் டிக்ரிக்காக 10,000 ரூபாய் வரைதான் ஜப்தி செய்யலாம். குழந்தையின் டிக்ரிக்காக 20,666 ரூபாய் வரை செய்யலாம். கடன்காரனைவிடக் குழந்தை முந்தியது என்று சட்டம் ஒப்புக்கொண்டிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேலும், மாதாமாதம் செலுத்த வேண்டிய டிக்ரித் தொகையில் ஒவ்வொரு தவணையும் தவறிய தேதியிலிருந்து 12 ஆண்டு வரை நிறைவேற்று மனுப் போடக் காலவரம்புச் சட்டம் இடம் தருகிறது. வாரண்டு முறைக்குள்ள ஓராண்டுத் தடை இங்கே இல்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் விதித்த தொகையைக் கட்டத் தவறினால், அவருடைய எஜமானரோ அவருக்குப் பணம் கொடுக்கவேண்டியவரோ அதைச் சம்பளத்திலிருந்து பிடித்து நேரே மனைவியிடம் கொடுக்கும்படியோ கோர்ட்டில் கட்டும்படியோ மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். 2020 நவம்பர் 4இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் முக்கியமானது. இரு கக்ஷியாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாண வாக்குமூலத்தில் வெளியிட வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுச் செய்த தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும், உத்தரவைப் பண டிக்ரியைப் போலவே சொத்து ஜப்தி முதலிய வழிகளால் நிறைவேற்றலாம் என்றும் அது நாடு முழுமைக்கும் விதி வகுத்தது.

தகப்பன்மாரின் வாதம்

மறு தரப்பையும் கேட்பது நமது கடமை. கூலிவேலை இல்லாத மாதத்தில் எங்கிருந்து கொடுப்பது என்று ஓர் ஏழைத் தகப்பன் கேட்டால் அதை அலட்சியம் செய்வதற்கில்லை. சட்டமும் அலட்சியம் செய்யவில்லை. போதிய காரணமின்றிக் கட்டத் தவறியவனுக்கே வாரண்டு. வேலை போய்விட்டாலோ நோயுற்றாலோ தொகையைக் குறைக்கும்படி 146ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். அவ்விதம் மனுச் செய்யாமல் மௌனமாக நிறுத்திவிடுவதுதான் குற்றம். உடல் வலிமை உள்ளவர் உடலுழைப்பால் சம்பாதித்தேனும் மனைவியையும் குழந்தைகளையும் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியதையும் இங்கே நினைவுபடுத்துகிறோம்.

குழந்தையைப் பார்க்க விடுவதில்லை, ஆகையால் பணம் கொடுப்பதில்லை என்பது மற்றொரு வாதம். குழந்தையைத் தகப்பனிடம் காட்டாமல் வைத்திருக்கும் தாய் தவறே செய்கிறாள்; அதற்குக் குடும்பக் கோர்ட்டில் தனியே பரிகாரம் உண்டு. ஆனால் தாயின் தவறுக்காகக் குழந்தையைப் பட்டினி போடுவது எந்த நீதி? அவ்வாறே, பணம் வரவில்லை என்பதற்காகத் தகப்பனின் முகத்தைக் குழந்தைக்கு மறைப்பதும் முறையன்று. குழந்தை இருவருக்கும் நடுவே வைத்த ஈட்டுப் பொருளன்று.

பிற நாடுகளின் அனுபவம்

மற்ற நாடுகள் இதற்கு என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக்கான தொகையைப் பாக்கி விழும் வரை காத்திராமல் தொடக்கத்திலிருந்தே சம்பளத்தில் பிடிக்கும் முறையைப் பரப்பியது. பாக்கி 2,500 டாலருக்கு மேற்பட்டால் பாஸ்போர்ட்டு மறுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 1988இல் ஏற்படுத்திய திட்டத்தில், வரி வசூலிக்கும் இலாகாவிடமே இவ்வேலை முதலில் ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மனியில் 1980 முதல் அமுலிலுள்ள சட்டப்படி, தகப்பன் கொடுக்காவிட்டால் சர்க்காரே ஒரு தொகையை முன்பணமாகக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தகப்பனிடம் வசூலித்துக்கொள்கிறது. 2017இல் அவ்வுதவி 18 வயது வரை நீட்டிக்கப்பட்டது. இந்நாடுகள் எல்லாம் கண்ட உண்மை ஒன்றே. கொடாதவனைத் துரத்திப் பிடிக்கும் பொறுப்பைத் தனியே நிற்கும் தாயின் தலையில் சுமத்தினால் பணம் வராது. அப்பொறுப்பைச் சர்க்கார் ஏற்கவேண்டும்.

செய்ய வேண்டியவை

நாம் கூற விரும்புவது இதுவே. முதலாவதாக, ஒப்பந்தம் எழுதுவோர் அதைக் கோர்ட்டிலோ லோக் அதாலத்திலோ பதிவு செய்து டிக்ரியாக்கிக்கொள்ள வேண்டும். தொகை, தேதி, எந்தப் பாங்குக் கணக்கில் செலுத்துவது, ஆண்டுதோறும் எவ்வளவு கூட்டுவது, பள்ளிச் செலவையும் வைத்தியச் செலவையும் யார் ஏற்பது, தவறினால் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சம்மதம், சொத்திருந்தால் அதன்மீது பாத்தியதை ஆகிய யாவும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். பணம் பாங்கு மூலமே செல்லட்டும். கையில் கொடுத்தேன், வாங்கவில்லை என்ற வழக்கு அதனால் ஒழியும். ஒழுங்காகக் கொடுக்கும் தகப்பனுக்கும் அதுவே பாதுகாப்பு.

இரண்டாவதாக, பணம் ஒரு மாதம் தவறினாலும் தாய்மார்கள் அதை எழுத்தில் குறித்து, ஓராண்டு முடியும் வரை காத்திராமல் மனுச் செய்ய வேண்டும். எதிர்க் கக்ஷியார் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட்டே உத்தரவை நிறைவேற்றலாம் என்று 147ஆவது பிரிவு கூறுகிறது. உத்தரவின் நகல் இலவசமாகவே கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

மூன்றாவதாக, சர்க்காரும் பார்லிமெண்டும் செய்ய வேண்டியவை சில. குழந்தையின் விஷயத்திலாவது அந்த ஓராண்டுத் தடையை நீக்குவது அவசியம். சம்பளக்காரர்களின் விஷயத்தில், பாக்கி விழுந்த பிறகு ஜப்திக்கு அலையாமல், உத்தரவு பிறப்பிக்கும் நாளிலேயே சம்பளத்தில் பிடிக்கும் கட்டளையும் சேர்ந்து பிறக்குமாறு சட்டம் செய்யலாம். சம்பளம் என்று ஒன்று இல்லாத கூலிக்காரர், வியாபாரி ஆகியோர் விஷயத்தில், ஜெர்மனியைப் போல முன்பணம் கொடுத்துப் பிறகு வசூலிக்கும் நிதி ஒன்றைச் சிறிய அளவிலாவது தொடங்கிப் பார்க்கலாம். சர்க்காருக்கு வரவேண்டிய வரியைப் பாக்கிதாரரிடம் வசூலிக்க எத்தனையோ உத்தியோகஸ்தர்களும் வழிகளும் இருக்கின்றன. குழந்தைக்கு வரவேண்டிய சோற்றுப் பணத்தை வசூலிக்க அந்த ஊக்கத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

சுதந்திர நாட்டின் பிரஜைகளாக வளரவேண்டிய குழந்தைகள் இவர்கள். தாய் தந்தையரின் மனஸ்தாபத்தில் இவர்களுக்கு எவ்விதப் பங்குமில்லை. கையொப்பமிட்ட தகப்பன் அதைக் காப்பாற்றுவது ஆண்மைக்கு அழகு. அவர் காப்பாற்றத் தவறும்போது, தாமதமின்றி அதைக் காப்பாற்றித் தருவது சர்க்காரின் கடமை. பார்லிமெண்டின் அங்கத்தினர்கள், அடுத்த தடவை இச்சட்டத்தைக் கையில் எடுக்கும்போது, பிரிவின் எண்ணை மட்டும் மாற்றுவதோடு நின்றுவிடாமல், மாதாமாதம் பணம் வந்து சேரும் வழியையும் வகுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.